சொல்லிவிட்டால் போதுமா?





இந்த மாதம் நாம் எல்லாரும் பேசுகிற ஒரு சின்ன வார்த்தையைப் பற்றி உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். வீட்டில் கேட்கிறோம், கம்பெனியில் கேட்கிறோம், சபைக் கமிட்டியிலும் கேட்கிறோம். "நான் சொல்லிட்டேன்." அவ்வளவுதான். புருஷன் சொல்கிறான், "நான் அன்னைக்கே சொல்லிட்டேன், அவதான் காதுல வாங்கல." சூப்பர்வைசர் சொல்கிறார், "நான் சொல்லிட்டேன் சார், பையன்தான் தப்பா பண்ணிட்டான்." ஊழியக்காரரும் சொல்கிறார், "நான் சத்தியத்தைச் சொல்லிவிட்டேன், இனி அவர்கள் பாடு, கர்த்தர் பாடு." பிலாத்து தண்ணீர் எடுத்துக் கை கழுவினானே, அதைப் போல இந்த ஒரு வார்த்தையில் நாம் கை கழுவிக்கொள்கிறோம்.

சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா? கேட்டவனுக்கு அது வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தால், அல்லது போய்ச் சேராமலே இருந்திருந்தால், அந்தக் கணக்கு யார் பேரில் எழுதப்படும்?

வெளியிலே இதற்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்று பேர் வைத்து, பணம் வாங்கி வகுப்பு நடத்துகிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, சிரித்த முகமாய் இரு, கையைக் கட்டாதே. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. நம்முடைய வாலிபப் பிள்ளைகள் போய்க் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் தேவபிள்ளைக்கு இது திறமையின் கேள்வியாக இருப்பதற்கு முன்னால் மனச்சாட்சியின் கேள்வியாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

"சொன்னால் போதும்" என்கிறவர்களுக்கு வேதத்தில் ஒரு பலமான ஆதாரம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. எசேக்கியேல் 33-ம் அதிகாரம். பட்டயம் வருவதைக் கண்ட காவற்காரன் எக்காளம் ஊதிவிட்டான். சத்தத்தைக் கேட்டும் ஒருவன் எச்சரிக்கையாய் இராமல் மாண்டுபோனால், பழி செத்தவன் தலைமேலேயே இருக்கும், காவற்காரன் தப்பித்தான். பார்த்தீர்களா பாஸ்டர், ஊதிவிட்டால் போதும் என்றுதானே இருக்கிறது என்று ஒரு சகோதரன் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி.

ஆனால் அந்த எக்காளம் எப்படிப்பட்ட எக்காளம்? எண்ணாகமம் 10-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கர்த்தர் மோசேயிடம் இரண்டு வெள்ளிப் பூரிகைகள் செய்யச் சொல்லுகிறார். இரண்டையும் ஊதினால் சபையார் எல்லாரும் கூடி வரவேண்டும். ஒன்றை மாத்திரம் ஊதினால் தலைவர்கள் வரவேண்டும். பெருந்தொனியாய் ஊதினால் பாளயம் புறப்படவேண்டும்; முதல் தொனிக்குக் கிழக்கே இருக்கிறவர்கள், இரண்டாவது தொனிக்குத் தெற்கே இருக்கிறவர்கள். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று வனாந்தரத்தில் இருந்த சிறு பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். முதலில் அர்த்தத்தைக் கற்றுக்கொடுத்தார், அப்புறம்தான் ஊதச் சொன்னார். அப்போஸ்தலனாகிய பவுலும் கொரிந்தியருக்கு இதையேதான் நினைப்பூட்டுகிறார். எக்காளம் தெளிவில்லாமல் தொனித்தால் எவன் யுத்தத்துக்கு எழும்புவான் என்று கேட்கிறார் (1 கொரி. 14:8).

ஆகவே எசேக்கியேல் சொல்லுகிற மனுஷன் சத்தத்தைக் கேட்டான், அர்த்தமும் அவனுக்குத் தெரிந்தது, தெரிந்தும் அசட்டை பண்ணினான். மறுக்கிறது வேறு, விளங்காமல் போகிறது வேறு. மறுத்தவனுடைய இரத்தம் அவன்மேல் இருக்கும். விளங்காமல் போனவனுடைய இரத்தத்தை அவன் தலையில் போட எனக்கு எந்த வசனமும் கிடைக்கவில்லை, பிரியமானவர்களே. தேடிப் பார்த்தேன்.

இது ஏதோ தர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், அதற்குப் போயிருந்தார்கள். பல வருஷமாய்ச் சர்க்கரை வியாதி. காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. மேடையில் பேசிய ஊழியர் வெளியூர்க்காரர், நல்ல வல்லமையாய்ப் பேசுகிறவர். "மருந்தின்மேல் வைத்த நம்பிக்கையை இன்றைக்கே எடுத்துப் போடு" என்று அழுத்திச் சொன்னார். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய், ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த இன்சுலின் பாட்டிலை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். சந்தோஷமாய், ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டே போட்டார்கள்.

மூன்றாம் நாள் வாந்தி, மேல்மூச்சு, நினைவு தப்புகிறது. மகன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கர்த்தர் இரங்கினார், பிழைத்துக்கொண்டார்கள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் மகனிடம் சொன்னாராம்.

நான் அந்த ஊழியரைப் போனில் கூப்பிட்டேன். அவர் பதறிப்போனார், அது உண்மை. ஆனால் அடுத்த வார்த்தை என்ன தெரியுமா? "பிரதர், மருந்தை விடச் சொல்லி நான் சொல்லவே இல்லையே. ரெக்கார்டிங் இருக்கு, கேட்டுப் பாருங்க." கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை கேட்டேன். அவர் சொன்னது சரி. நம்பிக்கையை எடுத்துப் போடு என்றுதான் சொன்னார். மருந்தை எடுத்துப் போடு என்று சொல்லவில்லை. உபதேசத்தில் ஒரு பிழையும் இல்லை. சகோதரியைக் கேட்டால், "எடுத்துப் போடுன்னுதான பாஸ்டர் சொன்னாங்க" என்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்ததும் பொய் இல்லை.

இப்போது நீங்கள் நியாயம் தீருங்கள். யார் பேரில் எழுதுவீர்கள்?

சகோதரிக்குப் புத்தி வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிக் கேட்க மாட்டேன். அது வியாதியஸ்தருக்கென்றே நோட்டீஸ் அடித்துக் கூட்டின கூட்டம். வந்தவர்களில் பாதிப்பேர் பையில் மாத்திரைச் சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று மேடையில் நிற்கிறவருக்குத் தெரியும். தெரிந்திருக்கும்போது, "டாக்டர் பார்த்து நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதிருங்கள்" என்று இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? கூட்டம் ஆறரை மணிக்கு என்று சொல்லி, ஒருவன் ஏழரை என்று கேட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் நஷ்டம், அவ்வளவுதான். இங்கே உயிர். கேட்கிறவனுக்கு நஷ்டம் எவ்வளவு பெரிதோ, சொல்லுகிறவன் அவ்வளவு தூரம் கூடவே நடந்துபோய் அவன் கையில் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

நான் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவன், பிரசங்கிக்கிறவன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நம் ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் (லூக். 17:14). அந்நாளில் சுத்தமா இல்லையா என்று பார்த்துச் சொல்லுகிற அதிகாரம் ஆசாரியனுக்கு இருந்தது. சுகமாக்கினவர் பரிசோதனைக்குப் பயப்படவில்லை. நாமும் சுகமானோம் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாமே.

பெந்தெகொஸ்தேகாரராகிய நமக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. அப்போஸ்தலர் 2-ல் ஆவியானவர் இறங்கினபோது ஜனங்கள் ஆச்சரியப்பட்டது எதற்காக? ஒவ்வொருவனும் தான் பிறந்த ஊர்ப் பேச்சில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டான். அன்றைக்கு எருசலேமில் பரலோகம் கேட்கிறவனுடைய காதுவரைக்கும் வந்தது. அந்நிய பாஷைகளில் எல்லாரையும்விட அதிகமாய்ப் பேசின பவுல், சபை நடுவிலே விளங்காத பதினாயிரம் வார்த்தைகளைவிட விளங்குகிற ஐந்து வார்த்தைகள் மேல் என்கிறார் (1 கொரி. 14:18, 19). கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றுக்கு இரண்டாயிரம்.

நம் இயக்கத்தின் சரித்திரத்தில் ஒரு சம்பவம் உண்டு. நம் மேடைகளில் இதை அதிகம் சொல்வதில்லை. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் அசூசா தெருவில் சகோதரர் வில்லியம் சேமோர் நடத்தின கூட்டங்களில் பெரிய எழுப்புதல் உண்டானது. அந்நாட்களில் அபிஷேகம் பெற்ற அநேகர், தங்களுக்குக் கிடைத்த பாஷை ஏதோ ஒரு தேசத்தின் பாஷை, அந்தத் தேசத்துக்குப் போனால் படிக்காமலே பிரசங்கம் பண்ணலாம் என்று நம்பினார்கள். ஆல்ஃபிரட் கார் என்ற ஊழியர் தனக்குக் கிடைத்தது வங்காள பாஷை என்று விசுவாசித்து, மனைவியோடு கப்பலேறி, 1907-ன் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஊழியத்தைத் துவக்கினார். பேசினார். வங்காளிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் நினைத்திருந்தால், "நான் ஆவியில் பேசிவிட்டேன், இந்த ஜனங்களுடைய இருதயம் கடினம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்கத்தாவில் ஆங்கிலம் தெரிந்த மிஷனெரிகள் நடுவிலே ஊழியம் செய்தார், அங்கே ஆவியானவர் அசைவாடினார். அதே வருஷம் ஹாங்காங்குக்குப் போனபோது மோக் லாய் சி என்ற உள்ளூர்ச் சகோதரர் மொழிபெயர்க்க, அவர் மூலமாய்ச் சீனருக்குப் பிரசங்கித்தார். அபிஷேகம் குறைந்துபோகவில்லை, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் தேவைப்பட்டார், அவ்வளவே. இந்த மனத்தாழ்மைக்காக நான் அவரை மதிக்கிறேன்.

அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னே நம்முடைய தரங்கம்பாடியில் நடந்ததும் அதுதான். 1706 ஜூலை 9-ல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், வெள்ளைக்கார வாலிபர், திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் படித்தார். 1715-க்குள்ளே புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. நம் கையில் வேதம் வந்த வழி அது.

நாமோ தமிழ்நாட்டில் தமிழருக்குத் தமிழில் பேசியே விளங்காமல் பண்ணுகிறோம்! நம் சபைக்குள்ளே ஒரு தனிப் பாஷை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பாரம், கட்டு, திறப்பு, பாளயத்துக்குப் புறம்பு. ஓர் உபவாச ஜெபத்தில் ஒரு மூப்பர், "திறப்பிலே நிற்கிறவர்கள் வேண்டும், யார் வருகிறீர்கள்?" என்று உருக்கமாய்க் கேட்டார். புதிதாய் வந்திருந்த ஒரு தம்பி எழுந்து போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெபம் முடியும்வரை நின்றான். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த மூப்பர் கேட்டதற்குக் கீழ்ப்படிந்தவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வருவோம். 'நான் சொல்லிட்டேன்' என்று சொல்லி நாற்பத்தீராயிரம் பேர் செத்த கதை வேதத்தில் இருக்கிறது. யெப்தா அம்மோன் புத்திரரை ஜெயித்து வந்திருக்கிறான். எப்பிராயீம் மனுஷர் வந்து, எங்களை ஏன் கூப்பிடவில்லை, உன் வீட்டைக் கொளுத்துவோம் என்று சண்டைக்கு நிற்கிறார்கள். யெப்தா சொன்ன பதில், நான் உங்களைக் கூப்பிட்டேன், நீங்கள்தான் வரவில்லை என்பது (நியா. 12:2). உண்மையாகவே கூப்பிட்டிருப்பான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. அதோடு பேச்சு நின்றுவிட்டது, பட்டயம் எழும்பியது. யோர்தான் துறையிலே ஷிபோலேத் என்ற ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்குத் திரும்பாதவனை எல்லாம் வெட்டினார்கள்.

இதே எப்பிராயீமர், இதே கோபத்தோடு, நாலு அதிகாரத்துக்கு முன்னால் கிதியோனிடம் வந்தார்கள். எங்களை ஏன் அழைக்கவில்லை என்று பலமாய் வாக்குவாதம் பண்ணினார்கள். கிதியோன் தன் நியாயத்தை எடுத்து விரிக்கவில்லை. என் குடும்பத்தார் அறுத்த முழு திராட்சை அறுப்பைக் காட்டிலும் நீங்கள் கடைசியில் பொறுக்கினது மேலானது, ஓரேபையும் சேபையும் பிடித்தது நீங்கள்தானே என்றான். அவர்கள் கோபம் ஆறிப்போனது (நியா. 8:1-3). யெப்தாவுக்கு வந்த மிரட்டல் இதைவிடக் கொடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டைக் கொளுத்துவேன் என்கிறவனிடம் சாந்தமாய்ப் பேசுவது எளிதல்ல. இருந்தாலும் கிதியோன் அவர்கள் கேள்விக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டான். நாங்கள் ஒரு பொருட்டாக எண்ணப்படவில்லையே என்ற ஆதங்கம் அது. அதற்குப் பதில் சொன்னான்.

நம் வீடுகளில் மனைவி, "ஏன் லேட்டு?" என்று கேட்கிறாள். புருஷன் கடிகாரத்துக்குப் பதில் சொல்லுகிறான்: "மீட்டிங்னு காலையிலேயே சொல்லிட்டேன்ல." அவள் கேட்டது கடிகாரத்தைப் பற்றி அல்ல சகோதரனே. பிள்ளைக்குக் காய்ச்சல், தனியாய்ப் பயந்துகொண்டிருந்தாள். நான் குடும்ப ஆலோசனைக்கு உட்கார்ந்த பல வீடுகளில் குடியும் இல்லை, வேறு பாவமும் இல்லை. இரண்டுபேரும் ஜெபிக்கிறவர்கள். இரண்டுபேரும் சொன்னது உண்மை. இரண்டுபேருமே யெப்தாவைப் போல உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பிரிந்துகொண்டிருந்தார்கள்.

வேலை ஸ்தலத்துக்கும் இதே நியாயம்தான். 1977 மார்ச் 27-ல் கேனரி தீவுகளில் டெனெரிஃப் என்ற இடத்து விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு பெரிய ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். விமானச் சரித்திரத்திலேயே அதிகமான பேர் மாண்ட விபத்து அது. இயந்திரம் கெட்டுப்போகவில்லை. புறப்பட நிற்கிறோம் என்றோ, புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றோ இரண்டு விதமாகவும் அர்த்தம் கொள்ளக்கூடிய ஒரு வாக்கியத்தை டச்சு விமானத்தார் ரேடியோவில் சொன்னார்கள். கோபுரத்தில் இருந்தவர், நிற்கிறார்கள் என்று எண்ணி, "ஓகே" என்றார். பொறுத்திரு என்று அடுத்ததாக அவர் சொன்ன வார்த்தையின்மேல் இன்னொரு விமானத்தின் குரல் ஏறி, ரேடியோவில் கீச்சென்ற சத்தம்தான் கேட்டது. எல்லாரும் சொன்னார்கள், பாருங்கள். ஒருவரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

அதைவிட என் மனதை வேதனைப்படுத்துவது வேறொன்று. அந்த விமானத்தின் இன்ஜினியர், முன்னால் இருக்கிற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன், விலகிவிட்டது என்று உறுதியாய்ச் சொன்னார். கேப்டனோ அந்தக் கம்பெனியில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கிற பெரியவர். இன்ஜினியர் அதற்குமேல் அழுத்திக் கேட்கவில்லை. நாபாலுடைய வேலைக்காரன் அபிகாயிலிடம் சொன்னது எனக்கு நினைவு வரும்: எஜமானிடத்தில் யாரும் வாய் திறந்து ஒன்றும் பேச முடியாது (1 சாமு. 25:17). ஒரு வீட்டுத் தலைவனைப் பற்றி, ஒரு மேனேஜரைப் பற்றி, ஒரு பாஸ்டரைப் பற்றி இதைவிட ஆபத்தான சாட்சி இருக்க முடியுமா?

விபத்துக்குப் பிறகு விமானத் துறையில் விதிகள் மாறின. புறப்பட உத்தரவு கொடுக்கும் அந்தக் குறிப்பிட்ட வார்த்தையை உத்தரவு கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எப்போதும் உச்சரிக்கக் கூடாது. வெறும் 'ஓகே' போதாது; கேட்டதைக் கேட்டவன் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ரயில்வேயிலும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. சிக்னலோடு இணைக்கப்படாத லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர் போனில், "கேட்டை மூடிட்டேன்" என்று சொன்னால் மாத்திரம் ஸ்டேஷன் மாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். 'பிரைவேட் நம்பர்' என்று தன்னிடம் இருக்கிற தாளிலிருந்து ஓர் எண்ணையும் கேட் கீப்பர் கொடுக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். உலகத்தான் சரக்கு ரயிலுக்கு இவ்வளவு ஜாக்கிரதையாய் இருக்கிறான். நாம் ஒரு ஆத்துமாவுக்கு, ஒரு பிள்ளைக்கு, "புரிஞ்சுதா?" "உம்." முடிந்தது!

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இன்டர்வியூவுக்குப் போகிறதற்கு முன் ஜெபிக்கக் கேட்டு வருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் என்ன பேசப்போகிறாய் தம்பி என்று கேட்டால், "அந்த நேரத்துல ஆவியானவர் கொடுப்பார் பாஸ்டர்" என்கிறீர்கள். அந்த வாக்குத்தத்தம் சுவிசேஷத்துக்காக ராஜாக்களுக்கு முன்பாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர்களுக்குக் கொடுக்கப்பட்டது (மத். 10:18, 19). கம்பெனிக்காரர் உன்னை இழுத்துக்கொண்டு போகவில்லை, நீயே விண்ணப்பம் போட்டாய். நெகேமியாவைப் பார். ராஜா என்ன வேண்டும் என்று கேட்டபோது அந்த நிமிஷத்திலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தான். உடனே ராஜாவிடம் கேட்டான் பார், எத்தனை தெளிவு! எங்கே போக வேண்டும், எதற்காக, திரும்பிவர எவ்வளவு காலம், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், எந்தெந்த வேலைக்கு மரம், மரம் கொடுக்கிற ஆசாபுக்குத் தனியாக ஒரு கடிதம் (நெகே. 2:4-8). ஒரே ஒரு பெருமூச்சு ஜெபம், ஆனால் அதற்குப் பின்னால் நாலு மாதம் அழுது, உபவாசித்து, யோசித்து வைத்திருந்த விவரம். ஆங்கிலம் வராதே என்று பயப்படாதே. தெரிந்ததை நேராய்ச் சொல்லு, கேள்வி விளங்காவிட்டால், "இன்னொரு முறை சொல்லுங்க சார்" என்று கேட்கக் கூச்சப்படாதே. மோசேயும் நாக்குத் தடுமாறுகிறவன்தான்.

ஒரு ஆட்சேபணை பாக்கி இருக்கிறது. இயேசுவே உவமைகளாய்ப் பேசினாரே, கேட்டும் உணராதபடிக்கு என்று அவரே சொன்னாரே என்று வேதம் வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். ஆம். ஆனால் மாற்கு 4-ஐக் கடைசிவரை வாசியுங்கள். ஜனங்கள் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் வசனத்தைச் சொன்னார்; சீஷருக்கோ தனியே எல்லாவற்றையும் விவரித்தார் (மாற். 4:33, 34). விவரம் பெற்ற சீஷர் யார்? அர்த்தம் என்ன என்று வந்து கேட்டவர்கள் (மாற். 4:10). மற்றவர்கள் கதை நன்றாய் இருந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கேதான் கேட்கிறவன் பங்கு வருகிறது. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார், ராஜஸ்திரீயின் பொக்கிஷத்துக்கெல்லாம் தலைவர். விளங்குகிறதா என்று ரோட்டில் ஓடிவந்த ஒரு ஆள் கேட்கிறான். ஒருவன் விளக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கௌரவம் பார்க்காமல் சொன்னார் (அப். 8:30, 31). அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றார்.

யோசுவா 22-ம் அதிகாரத்தையும் மறக்கக் கூடாது. யோர்தான் ஓரத்தில் ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் பெரிய பீடம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். செய்தி பரவியது. இஸ்ரவேல் முழுவதும் சீலோவில் யுத்தத்துக்குக் கூடிவிட்டது. இன்றைக்கு என்றால் பீடத்தின் படம் வாட்ஸ்அப்பில் எல்லா குரூப்பிலும் சுற்றியிருக்கும். ஆனால் அவர்கள் முதலில் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று முகமுகமாய்க் கேட்டார்கள். இது பலி செலுத்த அல்ல, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைத் தள்ளிவிடாதபடி சாட்சிக்காக என்று இவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான் விஷயம். நம் சபைகள் எத்தனை இரண்டாகப் போனது, ஒரு பினெகாஸ் எழுந்து போய்க் கேட்காததினால்! இரண்டு வீட்டாரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு மூன்றாவது ஆள் மூலமாய்ச் செய்தி கேட்கிறோம்.

நன்றாய்ப் பேசத் தெரிந்தவன் எல்லாம் நல்லவன் என்று நான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்சலோம் வாசலில் நின்று வருகிறவனிடமெல்லாம் ஊரென்ன, வழக்கென்ன என்று அன்பாய் விசாரித்தான், கையைப் பிடித்து முத்தமிட்டான். இஸ்ரவேலின் இருதயத்தைத் திருடத்தான் அது (2 சாமு. 15:2-6). அவன் அந்தக் காலத்துக் கம்யூனிகேஷன் வகுப்பில் முதல் மார்க்கு வாங்கியிருப்பான்.

வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குப் பிரசங்கக் கலை என்று ஒரு பாடம் இருந்தது. முகவுரை, மூன்று தலைப்பு, முடிவுரை, குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது. கேட்டவன் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான் என்று கண்டுபிடிக்க ஒரு வகுப்பும் இல்லை. அதை நெகேமியா 8-ல்தான் கண்டேன். எஸ்றா உயரமான மரமேடையில் நின்று வாசிக்கிறார். லேவியரோ மேடையில் இல்லை; ஜனங்கள் நின்ற இடத்திலேயே அவர்கள் நடுவில் இருந்து அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணினார்கள். பேர் பேராய்ப் பதின்மூன்று பேர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள் (நெகே. 8:7, 8). ஜனங்கள் அழுதார்கள், பின்பு போய்ப் புசித்துக் குடித்து மகிழ்ந்தார்கள். தங்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள் விளங்கினதே அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் என்று 12-ம் வசனம் சொல்லுகிறது.

நமக்குப் பதின்மூன்று பேர் இல்லை. ஆனாலும் வருகிற முதல் ஞாயிறு முதல் ஆராதனை முடிந்ததும் பின்பக்க அறையில் நானும் இரண்டு மூப்பர்களும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். செய்தியில் விளங்காதது எதுவானாலும் வந்து கேளுங்கள். விளங்கினது என்கிறவர்களும் வந்து, உங்கள் சொந்தப் பேச்சில் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள். நான் சொன்னது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். மாத்திரைச் சீட்டு வைத்திருக்கிற வயதான தாய்மார்கள் அதையும் கையோடு கொண்டுவாருங்கள். நர்ஸ் வேலை செய்கிற நம் சபைச் சகோதரி ஒருவர் அங்கே இருப்பார்கள், எது காலை, எது ராத்திரி என்று வாசித்துச் சொல்லுவார்கள். பாய் விரித்திருக்கும், டீயும் உண்டு.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்